ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில்

யெரெவானில் இது இரண்டாவது இருட்டுக் குளிர்காலம்.
எங்கள் கட்டடத்து லிஃப்ட்
ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவே
தொண்டை முள்ளாக நிற்கிறது.
சாவி என் கணவர் ஸாவெனிடம்.
பதினேழு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக்.
இப்போது வாளியும் கையுமாய்
முற்றத்துக் குழாய்க்கு ஆறு மாடி
இறங்கி ஏறுகிறவர்.

முதலில் எரிந்தவை பால்கனிப் பெட்டிகள்.
அப்புறம் மூன்று நாற்காலிகள்.
யாராவது வந்தால் உட்கார என்று
நான்காவதை விட்டுவைத்தோம்.
யாரும் வரவில்லை.
அதுவும் போயிற்று.
பிறகு கூடத்துத் தரை.
உளியை விட்டு நெம்பினால்
கடைவாய்ப் பல்போல முனகிக்கொண்டு வரும் பலகை.
நாளுக்கு ஒன்பது, அதற்குமேல் கிடையாது.
வார்னிஷ் எரிந்தால்கூடச் சகித்துக்கொள்ளலாம்;
பழைய ரப்பர் பூட்ஸ் எரிந்த அன்று
நாங்கள் ஒருவரோடொருவர் பேசவில்லை.

அடுக்களைதான் இப்போது வீடு.
தகர அடுப்பின் குழாய்
ஜன்னல் கண்ணாடி இருந்த இடத்தில்
தெருவுக்குக் கை நீட்டுகிறது.
கழிப்பறைக்குப் போவது வெளியூர்ப் பயணம்;
கோட்டு மாட்டி, சொல்லிக்கொண்டு போகிறோம்.
உறைந்துவிடாமல் இருக்க
உருளைக்கிழங்கும் எங்கள் போர்வைக்குள் படுக்கிறது.
சுட்ட செங்கல்லைச் செய்தித்தாளில் சுற்றிக்
காலடியில் வைப்பேன்.
ஒரு செங்கல்லுக்கு இரவெல்லாம்
ஆறு பாதங்கள் அடித்துக்கொள்ளும்.
விடியும்போது பார்த்தால்
எங்களில் மிகவும் சில்லிட்டுக் கிடப்பது அதுதான்.

லிஃப்டின் உள்சுவர் ஓக் மரம்.
"சும்மாதானே தொங்குது" என்பார் இரண்டாம் மாடி ஹொவ்செப்,
மாடிப்படியில் எதிர்ப்படும்போதெல்லாம்.
"கரண்ட் வந்தால் எதில் ஏறுவாய்?"
என்பார் ஸாவென்.
கரண்ட் வந்தால் என்ற சொல்லை
அந்தக் கட்டடத்தில் சிரிக்காமல் சொன்னவர்
அவர் ஒருவர்தான்.

டிசம்பரில் நாலாம் மாடி ஷுஷானிக்
ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள்,
கோட்டுக்குள் பிள்ளையைப் பொத்திக்கொண்டு.
புருஷன் எல்லையில்.
அவள் வீட்டுத் தரை முழுக்க வெறும் சிமெண்ட்,
போன வருஷமே.

அன்று ராத்திரி அவர் சாவியை எடுத்தார்.
ஒன்றும் கேட்காமல்
மெழுகுவத்தியோடு பின்னால் போனேன்.
ஆறாம் மாடிக் கதவைத் திறந்து
லிஃப்டின் தலைமேல் இறங்கி
உள்ளே குதித்தார்.
ஆணி கழலும் ஒவ்வொரு சத்தத்துக்கும்
யாரோ ஒருவர் கதவைத் திறந்து பார்த்து மூடினார்கள்.
கழற்றிய ஒவ்வொரு பலகையின் முதுகிலும்
பென்சிலால் எண் போட்டார்:
ஒன்று, இரண்டு, மூன்று.
எப்போதும் அப்படித்தான் செய்வார்,
திரும்ப மாட்டும்போது குழம்பக்கூடாதென்று.
பதினொன்று எழுதும்போது
கை நின்றது.
என்னைப் பார்த்தார்.
பிறகு
பன்னிரண்டு எழுதினார்.

இருபத்தாறு பலகை. நாற்பது நாள் வந்தது,
ஷுஷானிக் சிக்கனக்காரி.

பிப்ரவரியில் ஒருநாள் இரண்டு மணி இருட்டில்
தலைக்குமேல் பல்ப் எரிந்தது.
"வந்தாச்சு!" என்று மாடிக்கு மாடி கூச்சல்.
ஒருத்தி மாவு பிசைய ஓடினாள்,
ஒருவர் சட்டைக்கு இஸ்திரி போட்டார்,
எங்கே போவதற்கோ.
ஸாவென் வெறும் சாக்ஸ் காலோடு வெளியே பாய்ந்தார்.
சுவருக்குள் ஏதோ இருமியது,
முனகியது, நகர்ந்தது.
எங்கள் வாசலில் கதவு திறந்தபோது
உள்ளே இரும்பு எலும்பு,
ஒரு கண்ணாடி,
கண்ணாடியில் தலை கலைந்த நான்.

"ஆள் ஏறக்கூடாது" என்றார்.
"எப்போது போகும் என்று தெரியாது. தண்ணீர் ஏறட்டும்."

அந்த ஒரு மணி நேரம்
கீழே ஹொவ்செப் நிரப்ப நிரப்ப
வாளிகள் மட்டும் சவாரி செய்தன,
குடமும் குழந்தைக் குளியல் தொட்டியும்
ஊறுகாய் ஜாடியும்,
மாடிக்கு மாடி இறங்கின
அதிகாரிகளைப்போல.

மூன்றுக்குக் கொஞ்சம் முன்பு
எல்லாம் போயிற்று.
இந்தத் தடவை லிஃப்ட் நிற்பது
மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில்.
உள்ளே இரண்டு வாளி,
இந்நேரம் கட்டியாக உறைந்திருக்கும்.
நீலப்பிடி வாளி தன்னுடையது என்கிறார் ஹொவ்செப்.
இல்லை, அது என்னுடையதுதான்.